புதுப்பிப்பு: தரம் 5 பிள்ளைகளும் இணையத் தேடலும்

என் வகுப்புப் பிள்ளைகள் கூகிளில் முதலில் வருவதை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டு வருகிறார்கள், என்ன செய்யலாம் என்று போன தவணை கேட்டிருந்தேன். "ஒரே கேள்விக்கு இரண்டு தளங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்று பலர் சொன்னீர்கள். செய்து பார்த்தேன்.

கேள்வி: தமிழறிஞர் சுவாமி விபுலானந்தர் பிறந்த மாவட்டம் எது? பாதிப்பேர் மட்டக்களப்பு, மீதிப்பேர் அம்பாறை. வகுப்பில் பெரிய சண்டை. இரண்டு பக்கமும் "இணையத்தில இருக்கு ரீச்சர்" என்றுதான் சொன்னார்கள்.

சரி, ஆண்டுகளைத் தேடுங்கள் என்றேன். அவர் காரைதீவில் பிறந்தது 1892இல். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதாவது அவர் பிறந்தபோது காரைதீவு மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்தது, இன்று அம்பாறையில். இதை முதலில் பிடித்த பையன் இணையத்தில் பார்க்கவில்லை, அம்மம்மாவிடம் கேட்டிருக்கிறான்! அதையும் ஆதாரமாக எழுதச் சொன்னேன்.

இப்போது ஒவ்வொரு விடைக்கும் கீழே எங்கே பார்த்தது, யார் எழுதியது, என்றைக்குப் பார்த்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். "கூகிள்" என்று எழுதினால் ஏற்பதில்லை. கூகிள் வழிகாட்டும், எழுதியவர் வேறு யாரோ.

படங்களை எடுத்து ஒட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஒரு தளம் கேட்டதென்று அம்மாவின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தவளும் உண்டு. அது அடுத்த பாடம்.

"இது புலமைப்பரிசில் பரீட்சைக்கு வருமா?" என்று ஒரு தந்தை கேட்டார். சிரித்துச் சமாளித்தேன்.