நிறம் ஏறியவுடன் முந்திரிகைக் குலையை வெட்டலாமா?

வீட்டு வளவில் முதன்முறையாக முந்திரிகை (திராட்சை) வைத்தவர்கள் பலரும் என்னிடம் கேட்பது, குலையை எப்போது வெட்டுவது என்பதைத்தான். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் கிணற்றடிப் பந்தலில் இஸ்ரேல் புளூ இனக் கொடி நெடுங்காலமாகக் காய்த்து வருவதால், இந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றி நான் கண்டவற்றை எழுதுகிறேன்.

கொடியைக் கத்தரித்ததிலிருந்து அறுவடை வரை ஏறக்குறைய நான்கு மாதம் செல்லும். அதுவரை பொறுமையாக இருந்தவர்கள்கூடப் பச்சைக் காய் ஊதாவாக மாறத் தொடங்கியதும் அவசரப்பட்டுவிடுகிறார்கள். அந்த நிறம் பழுக்கத் தொடங்கியதற்கு அடையாளமே தவிர, பழுத்து முடிந்ததற்கு அடையாளம் அன்று. தோல் முழுவதும் கறுத்த பின்னரும் உள்ளே புளிப்பு இறங்குவதும் இனிப்பு ஏறுவதும் தொடர்ந்து நடைபெறும். மாங்காயைப் போல வெட்டி வைத்துப் பழுக்கவைக்கவும் முடியாது. கொடியை விட்டுப் பிரியும்போது இருந்த இனிப்புக்கு மேல் அதில் ஒன்றும் கூடாது.

சென்ற பங்குனியில் பக்கத்து வளவுத் தம்பி, தன் முதற்குலை நன்றாகக் கறுத்துவிட்டதென்று சொல்லிக் கத்தரிக்கோலுடன் நின்றார். காம்புப் பக்கத்தில் ஒரு பழமும் குலையின் நுனியில் ஒரு பழமுமாகப் பறித்துச் சாப்பிடச் சொன்னேன். மேற்பழம் இனித்தது; நுனிப்பழத்தை வாயில் வைத்தவுடன் அவர் முகம் சுளித்தது. பின்னர் இன்னும் இரண்டு பழங்களைப் பிளந்து பார்த்தோம். மேலே இருந்ததன் விதை கபில நிறமாக இறுகியிருக்க, நுனியில் இருந்ததன் விதையில் பச்சை மாறவில்லை. "அண்ணை, அப்ப இன்னும் ஒரு கிழமை விடுவம்" என்று அவரே சொல்லிவிட்டார். நுனிப்பழமும் இனித்த பிறகு வெட்டிய அந்தக் குலையை அவருடைய அம்மா எங்கள் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார்.

இந்தக் காலத்தில் தண்ணீரைக் குறைத்துவிட வேண்டும். யூரியா போடவே கூடாது. பழுக்கும் நாட்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் அகப்பட்டால் பழம் வெடித்துப் பூஞ்சணம் பிடிக்குமாதலால், எந்த மாதத்தில் கத்தரிப்பது என்பதை அறுவடையிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டும். மருந்து தெளித்திருந்தால் போத்தலில் குறிப்பிட்டுள்ள இடைவெளி முடியும்வரை ஒரு பழத்தையும் பறிக்காதீர்கள். வீட்டில் சிறுபிள்ளைகள் இருப்பதால் இதில் நான் மிகவும் கண்டிப்பாக இருக்கிறேன். கிளிக்கும் வௌவாலுக்கும் வலை கட்டுவதென்றால் நிறம் ஏறுவதற்கு முன்பே கட்டிவிடுவது நல்லது, ஏனெனில் ருசி கண்ட பின்னர் அவை விடாமல் வரும்.

வெயில் ஏறுமுன், பழத்தின் மேலுள்ள வெண்பூச்சு அழியாதபடி காம்பைப் பிடித்து வெட்டுங்கள். எல்லாக் குலைகளையும் ஒரே நாளில் இறக்க வேண்டியதில்லை. எங்கள் பந்தலில் வெயில் படும் கிழக்குப் பக்கம் முதலில் பழுக்கும். இலை மறைவில் இருப்பவற்றை நுனிப்பழம் பார்த்துப் பிறகுதான் வெட்டுவோம்.