தங்க ஹைட்ரைடு பிணைப்பு நீளம் தப்பாக வருகிறது, இசிபியோடு (உள் எலக்ட்ரான்களுக்குப் பதிலாக வைக்கும் ஆற்றல் சார்பு) ஸோராவும் (சார்பியல் விளைவைச் சமன்பாட்டிலேயே சேர்க்கும் முறை) போடலாமா?

செம்பருத்தி:
பிபிஈ0-வில் (எலக்ட்ரான் ஆற்றலைக் கணக்கிடும் ஒரு முறை) தங்க ஹைட்ரைடுக்கு ஜியாமெட்ரி ஆப்டிமைசேஷன் (ஆற்றல் குறைவாக இருக்கும் அணு அமைப்பைத் தேடும் கணக்கு) ஓட்டுகிறேன். சோதனை மதிப்பு 1.524 ஆங்ஸ்ட்ராம். சார்பியல் இல்லாமல் போட்டால் 1.7-ஐத் தாண்டுகிறது, அது எதிர்பார்த்ததுதான். சரி, சார்பியலைச் சேர்ப்போம் என்று டெஃப்2 பேசிஸ் செட்டோடு (எலக்ட்ரான்களை விவரிக்கும் கணிதச் சார்புகளின் தொகுதி) ஸோராவையும் போட்டால் எண் எதிலும் சேராமல் நிற்கிறது. ஏதோ எச்சரிக்கை வந்தது, கண்டுகொள்ளவில்லை.

அணு79:
அந்த எச்சரிக்கையைப் படித்திருந்தால் இங்கே வந்திருக்கவே வேண்டாம் :) டெஃப்2-வில் தங்கத்துக்கு இசிபி தானாகவே வந்துவிடும். அது உள்ளே இருக்கும் 60 எலக்ட்ரான்களைத் தூக்கிவிட்டு 19-ஐ மட்டும் உங்களிடம் விடுகிறது. அந்த இசிபியே சார்பியல் கணக்குகளுக்குப் பொருத்தித்தான் செய்யப்பட்டது, அதனால் அதன்மேல் ஸோராவும் போட்டால் ஒரே விளைவை இரண்டு தடவை எண்ணுகிறீர்கள். இசிபியை மட்டும் வையுங்கள், இல்லையென்றால் ஸோராவோடு ஸார்க் மாதிரி, அதற்கென்றே செய்த எல்லா எலக்ட்ரான் பேசிஸ் செட்டுக்குப் போங்கள்.

பழைய மாணவன்:
மேலே சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் வைவாவில் இதைக் கேட்பார்கள். வெள்ளி ஹைட்ரைடின் நீளம் 1.618, அதற்குக் கீழ்வரிசையில் இருக்கும் தங்கத்துக்கு அதைவிடக் குறைவு, காரணம் சார்பியல் சுருக்கம். தங்கத்தின் 1எஸ் எலக்ட்ரான் (கருவுக்கு மிக அருகில் இருப்பது) ஒளிவேகத்தில் கிட்டத்தட்ட 58 சதவீதத்தில் ஓடுகிறது, அணு எண் 79-ஐ, அணு அலகில் ஒளிவேகமான 137-ஆல் வகுத்துப் பாருங்கள். ஆனால் 1எஸ் சுருங்குவதால்தான் வெளியே பிணைப்பில் ஈடுபடும் 6எஸ்ஸும் சுருங்குகிறது என்று பலர் எழுதுவது முழு உண்மை இல்லை, 6எஸ் எலக்ட்ரானே கருவுக்கு அருகில் போகும்போது அதிவேகத்தில்தான் போகிறது, சுருக்கத்தின் பெரும்பங்கு அங்கிருந்தே வருகிறது.

செம்பருத்தி:
நன்றி அண்ணா! இசிபி மட்டும் போட்டேன், 1.53-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஸார்க்கோடு ஸோராவும் ஏறக்குறைய அதையேதான் தருகிறது. இதே முறையில் அயோடின் மூலக்கூறின் உடைப்பு ஆற்றலையும் போட்டுவிடலாமா?

அணு79:
அங்கேதான் மாட்டுவீர்கள். தங்க ஹைட்ரைடு மூடிய கூடு (எல்லா எலக்ட்ரான்களும் ஜோடியாக இருப்பது), அதனால் ஸ்பின்-ஆர்பிட் (எலக்ட்ரானின் ஸ்பின்னும் அதன் சுற்றியக்கமும் பிணைந்து தரும் விளைவு) இல்லாத ஸ்கேலர் கணக்கே நீளத்துக்குப் போதும். அயோடினை உடைத்தால் இரண்டு தனி அணுக்கள் மிஞ்சும், அவற்றின் தரைநிலை ஸ்பின்-ஆர்பிட்டால் பிளவுபட்டது. பிளவு 7603 செ.மீ⁻¹, அதில் மூன்றில் ஒரு பங்கு ஒவ்வோர் அணுவையும் கீழே இறக்குகிறது. இரண்டுக்கும் சேர்த்து 0.63 எலக்ட்ரான்வோல்ட் ஆகிறது, மூலக்கூறுக்கு அவ்வளவு இறக்கம் கிடைக்காது. மொத்த உடைப்பு ஆற்றலே 1.5 சொச்சம்தான், ஸ்கேலரில் விட்டால் பிணைப்பு ரொம்ப வலுவாகத் தெரியும்.

பழைய மாணவன்:
முதலில் தனி அணுவின் பிளவை மட்டும் கணக்கிட்டு 7603-க்குப் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். அது வராமல் மூலக்கூறில் கை வைக்காதீர்கள்.