641 எங்கிருந்து வந்தது? விளக்கம் தேவை

குழுவில் உள்ள கணக்கு ஆசிரியர்களுக்கு வணக்கம். பத்தாவது படிக்கும் என் மகளுக்காகக் கேட்கிறேன்.

எண் 4294967297. அதாவது 2-இன் 32-ஆம் அடுக்குடன் 1. 2-இன் 1, 2, 4, 8, 16 ஆகிய அடுக்குகளுடன் 1 கூட்டினால், இந்த வரிசையில் இதற்கு முன் வரும் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும்; ஐந்துமே பகா எண்கள். இதுவும் பகா எண்தான் என்று கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் இதை 641 × 6700417 என்று உடைத்துவிட்டார்.

641 வகுக்கும் என்பதை நிறுவுவது அவ்வளவு அழகு! 641 = 5 × 128 + 1. ஆகவே 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1. நான்காம் அடுக்குக்கு ஏற்றினால் 625 × 2²⁸-க்கு மீதி 1. ஆனால் 641 = 625 + 16 என்பதால் 625-க்குப் பதில் −16 போடலாம். −2³²-க்கு மீதி 1, அதாவது 2³² + 1-ஐ 641 வகுக்கும், அவ்வளவுதான். இது அவளுக்கு உடனே பிடிபட்டது.

"641-ஐ எப்படிப்பா தேடிப் பிடிச்சார்?" என்று கேட்டாள். 4294967297-இன் பகாக் காரணிகள் எல்லாம் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்கும். அதனால் 193, 257, 449, 577 தாண்டியதும் 641 வந்துவிடும் என்றேன். ஏன் 64 என்றாள். அங்கே நின்றுவிட்டேன்.

ப ஒரு பகாக் காரணி என்றால் 2⁶⁴-ஐ ப-ஆல் வகுக்க மீதி 1. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 2-இன் (ப−1)-ஆம் அடுக்குக்கும் மீதி 1. இதிலிருந்து 64, ப−1-ஐ வகுக்கும் என்ற முடிவுக்கு, குலக் கோட்பாடு இல்லாமல், மீதிகளை மட்டும் வைத்து எப்படிப் போவது? சிறிய எண்ணில் ஓர் எடுத்துக்காட்டோடு யாராவது எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.