எந்தப் பள்ளியில் சாப்பாடு உண்டு, எதில் இல்லை: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ஜன்னலோரம்:

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பையனுக்கு எல்கேஜியில் ஆர்டிஇ (கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம்) 25 சதவீத ஒதுக்கீட்டில் ஒரு தனியார் பள்ளியில் இடம் கிடைத்தது. ஃபீஸை அரசாங்கம் கட்டுகிறது, அப்போ மதியச் சாப்பாடும் அரசாங்கம்தானே போடும் என்று நானாகவே முடிவு செய்து முதல் நாள் டப்பா இல்லாமல் அனுப்பிவிட்டேன். மதியம் ஆயாம்மா போன் செய்து “லஞ்ச் எங்கேம்மா?” என்று கேட்டபோதுதான் புரிந்தது. தனியார் சுயநிதிப் பள்ளி என்றால் சத்துணவு கிடையாது, ஆர்டிஇ பிள்ளையாக இருந்தாலும் கிடையாது. இதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2023-இல் வேன் கட்டணம் கட்டி மாளாமல் எங்கள் டவுனிலேயே ஒரு அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன். அட்மிஷன் போடும்போதே ஹெச்.எம். கொஞ்சம் குரலைத் தாழ்த்தி “சத்துணவுக்குப் பேர் சேர்க்கலாமா?” என்று கேட்டார். அவர் தாழ்த்திய குரலிலேயே எனக்குக் கூச்சம் வந்துவிட்டது, வேண்டாம் சார் என்றேன். ஒரு மாதம் போனது. டப்பாவில் தயிர்சாதம் வைத்தது வைத்தபடியே திரும்பி வருகிறது, ஆனால் பிள்ளைக்குப் பசியில்லை. ஒரு நாள் பார்த்தால் சட்டைப் பட்டன் பக்கத்தில் முட்டை மசாலா. நண்பன் தட்டில் பங்கு போட்டுச் சாப்பிட்டிருக்கிறான்! மறுநாளே போய்ப் பெயர் கொடுத்தேன்.

உங்களுக்கு எப்படி? பழைய ஆட்களும் எழுதுங்க.

பழையதட்டு:

1982 ஜூலையில் திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கி வைத்தபோது நான் இரண்டாம் வகுப்பு, கிராமத்துப் பஞ்சாயத்துப் பள்ளி. அதற்கு முன்னால் காமராஜர் கொண்டுவந்த மதிய உணவு உண்டு. எங்கள் அண்ணன் காலத்தில் மஞ்சள் சோள உப்புமாவும் பவுடர் பாலும்தான், அந்த வாசத்தை இன்றைக்கும் திட்டுவார். நாங்கள் சோறு சாம்பார் ஆட்கள். தட்டு வீட்டிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும். என் அலுமினியத் தட்டின் அடியில் ஆணியால் அப்பா பெயரைக் குத்தி வைத்திருந்தார் அம்மா, என் பெயரில் இன்னும் இரண்டு பேர் வகுப்பில் இருந்ததால். பன்னிரண்டு மணிக்கு மேல் வாய்ப்பாடு எவன் காதில் விழும்? சாம்பார் தாளிக்கிற வாசம் வந்தால் மொத்த வகுப்பும் பைக்குள் கையை விட்டுத் தட்டைத் தடவும். சோற்றில் கல் இருக்கும், சாம்பாரில் பூசணிக்காயைத் தேட வேண்டும், அதெல்லாம் உண்மைதான்.

முட்டை வந்தது 1989-இல், கலைஞர் ஆட்சியில், இரண்டு வாரத்துக்கு ஒன்று. நான் அப்போது ஒன்பதாவது. மீசை அரும்புகிற வயதில் முட்டைக்கு வரிசையில் நிற்க வெட்கம், நிற்காமல் இருக்கவும் முடியாது. இப்போது வாரத்தில் ஐந்து நாளும் முட்டை என்று பேத்தி சொல்கிறாள்.

சாக்பீஸ்:

ஜன்னலோரம், உங்க குழப்பம் அட்மிஷன் நேரத்தில் வருஷா வருஷம் நான் பார்ப்பதுதான். சுருக்கமாகச் சொல்கிறேன், ஆசிரியை என்கிற முறையில். அரசுப் பள்ளி, மாநகராட்சி, நகராட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, இவற்றில் மதியச் சத்துணவு உண்டு. மத்தியத் திட்டம் எட்டாம் வகுப்போடு நிற்கும், நம் மாநிலத்தில் பத்தாவது வரை. போர்டில் “நர்சரி பிரைமரி”, “மெட்ரிக்” என்று இருந்தால் டப்பா கட்டிக்கொடுங்க. உதவி பெறும் பள்ளியிலும் சில இடங்களில் ஒரே வளாகத்துக்குள் சுயநிதிப் பிரிவு தனியாக நடக்கும். பிள்ளையை எந்தப் பிரிவில் போடுகிறார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்க, அங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

காலை உணவு வேறு கணக்கு. 2022 செப்டம்பரில் மதுரையில் ஆரம்பித்து அடுத்த வருஷம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில், டவுன் பக்கம் 2025 ஆகஸ்டில். அந்த இடைவெளியில் எங்கள் தெருவில் ஒரு கூத்து. இந்தப் பக்கம் அரசுப் பள்ளிப் பிள்ளை கிச்சடி சாப்பிடுகிறான், எதிர்ப்பக்கம் எங்கள் உதவி பெறும் பள்ளிப் பிள்ளை கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறான். இரண்டும் அண்ணன் தம்பி!

காலையில் வருகைப் பதிவு முடிந்ததும் மதியம் சாப்பிடுகிறவர்கள் எண்ணிக்கையைச் சத்துணவு அமைப்பாளரிடம் கொடுப்போம், அதை வைத்து அரிசி அளப்பார்கள், தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம். பரிமாறும் முன் நாங்கள் ருசி பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். என் கவலை முட்டைதான். அங்கேயே சாப்பிடுடா என்றால் தலையாட்டுவான், கணக்கு நோட்டைத் திருத்தும்போது பார்த்தால் கழித்தல் கணக்கு மேல் மஞ்சள் கரு அப்பியிருக்கும். வீட்டில் தங்கச்சிக்காம்.

கரண்டி:

அம்மா சமையல் உதவியாளர். ஆகவே நான் அடுப்படிப் பக்கத்துக் கதை சொல்கிறேன். சிலிண்டர் தீர்ந்தால் சாப்பாடு ஒன்றரை மணி ஆகும், திட்டு மட்டும் அம்மாவுக்கு விழும். முழங்கைக்குக் கீழே குண்டான் விளிம்பு சுட்ட தழும்பு மூன்று இருக்கிறது. அதைவிட ஒன்று. அம்மா வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊரில் சில வீடுகள் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. காரணம் என்ன என்று நான் எழுத வேண்டியதில்லை. பதினோரு பிள்ளைகள் டப்பாவோடு வந்து புளியமரத்தடியில் தனியாக உட்காரும். வெஜிடபிள் பிரியாணி நாளில் மட்டும் ஒவ்வொருத்தராக இந்தப் பக்கம் வர ஆரம்பித்தார்கள், வாசம் தாங்காமல். கடைசிவரை இரண்டு பேர் வரவில்லை. அம்மா அவர்களுக்கும் சேர்த்தே தினமும் அரிசி அளப்பார், அமைப்பாளர் கத்துவார்.

ஜன்னலோரம்:

கரண்டி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்க.

சாக்பீஸ் டீச்சர், ஒரு சந்தேகம். நான் எட்டரைக்கு ஜவுளிக்கடைக்குக் கிளம்பியாக வேண்டும், காலை உணவு வந்த பிறகுதான் மூச்சுவிடுகிறேன். பையன் ஆறாம் வகுப்புக்குப் போனாலும் அது தொடருமா?

சாக்பீஸ்:

இல்லைம்மா. காலையில் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆறாவதில் மதியம் மட்டும்தான், அரிசி 150 கிராமாகக் கூடும். இன்னும் காலம் இருக்கிறதே, அதற்குள் உப்புமா கிண்டப் பழக்கிவிடுங்க.

ஜன்னலோரம்:

அவன் பள்ளியில் சாப்பிடுகிற பொங்கலையே குறை சொல்கிறான் டீச்சர், மிளகு ஜாஸ்தியாம்.