கைத்தறியில் பயஸ் கட் (துணியைச் சாய்வா வெட்டித் தச்ச) பாவாடை: கீழ் ஓரம் ஏறி இறங்குது

கேள்வி (தக்கலை, ஃபேஷன் மாணவி): காடாத் துணியில் தச்ச மாதிரிப் பாவாடை சரியா இருந்தது. அதே பேட்டர்னைக் கைத்தறிக் காட்டன்ல வெட்டினா ஓரம் 1 இஞ்ச் ஏறி இறங்குது. ஏன்?

பதில் (நாகர்கோவில்): வெட்டுறதுக்கு முன்னாடி நனைச்சீங்களா? கைத்தறியில கஞ்சி இருக்கும். ராத்திரி ஊறப்போட்டு, முறுக்கிப் பிழியாம நிழல்ல காயவைங்க. லேசா ஈரம் இருக்கும்போதே பாவும் (நீள நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) நேராகிற மாதிரி அயர்ன் பண்ணணும். காடா வேற கனம்னா, அதுல தச்ச மாதிரிப் பாவாடை பொய்தான் சொல்லும்.

பதில் (குழித்துறை): மக்களே, ஓரத்தை உடனே மடிச்சிருப்பே. பாவுக்கு 45 டிகிரி சாய்வா வர்ற இடம்தான் இழுபடும், பாவு நேரா விழுற இடம் அப்படியே நிக்கும். இடுப்புப் பட்டி தச்சு 24 மணி நேரம் தொங்கவிடு. பிறகு தரையிலிருந்து ஸ்கேல் வச்சு சாக்பீஸ்ல குறிச்சு வெட்டு. இடுப்புல ஸ்டே தையல் (துணி இழுபடாம இருக்க ஓரத்துல முதல்லயே போடுற தையல்) உண்டா?

கேள்வி கேட்டவர்: இல்லை. நனைக்கவும் இல்லை. 😬

பதில் (குழித்துறை): அப்போ பட்டியைப் பிரிச்சு, முதல்ல அந்த ஸ்டே தையலைப் போடு.