ஒரே மைக், நாலு விதக் கிக்

உவர்மலை, வீட்டு ஸ்டூடியோ

போன கிழமை ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, கிக் ட்ரம்முக்கு (காலால் மிதித்து அடிக்கிற பெரிய ட்ரம்) ஒரு மைக் வாங்கத்தான் காசிருக்கு. எதை வாங்க?" ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். அப்படி யாரோ சொன்ன ஒரு வரியை நம்பித்தான் நானும் முதல் மைக்கை வாங்கினேன். அதனால் கதையாகவே எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் கீழே போடுங்கள்.

என் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு சுவரில் பாய், மற்றச் சுவரில் பழைய மெத்தை. மூலையில் 22 அங்குலக் கிக் உள்ள ட்ரம் செட். தொடக்கத்தில் வந்தவர்கள் எல்லாம் ஹெவி மெட்டல் இசை வாசிக்கிற பெடியன்கள். இரட்டைப் பெடல், ஒவ்வொரு மிதியும் தனித்தனியே 'டிக்' என்று கேட்க வேண்டும். அதற்கென்றே செய்த மாதிரி ஒரு மைக் வாங்கினேன். பெயர் வேண்டாம், குற்றம் மைக்கில் இல்லை, வாங்கியவனில்தான். அந்த ரக மைக்குகள் 60 ஹெர்ட்ஸ் பக்கத்துத் தாழ்ந்த சத்தத்தை ஏற்றி, 300, 400 ஹெர்ட்ஸ் பக்கத்து நடுச்சத்தத்தைக் குடைந்து, 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள கூர்மையான சத்தத்தை மறுபடியும் ஏற்றித் தரும். கிக்கின் 'அட்டைப்பெட்டிச் சத்தம்' குடியிருப்பது அந்த நடுப்பகுதியில்தான். மைக்கே அதை வெட்டிவிட்டால் மிக்ஸ் செய்கிறவனுக்குப் பாதி வேலை மிச்சம். வைத்த உடனேயே முடித்த பாட்டில் கேட்கிற மாதிரிச் சத்தம் வந்தது. பெடியன்கள் துள்ளினார்கள். நானும்தான்.

பிறகு ஒரு திருவிழாக் காலத்துக்கு முன்னால் நாதஸ்வரக்காரர் ஒருவரும் தவில்காரர் ஒருவரும் வந்தார்கள். பெரிய சத்தம் தாங்குகிற மைக் அது ஒன்றுதானே என்று தவிலின் தொப்பிப் பக்கம் வைத்தேன். தவிலில் வலந்தலை அகலம், இறுக்கமாகக் கட்டியது, விரல்களில் கூடு மாட்டி அடிப்பது. தொப்பி ஒடுக்கம், தளர்ந்தது, கழியால் அடிப்பது, அடிச்சத்தம் (தாழ்ந்த, கனமான சத்தம்) அங்கிருந்துதான். ஒலிப்பதிவு முடிந்து ஹெட்ஃபோனைக் காதில் வைத்த தவில் ஐயா ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, தோல் கேக்குது. பலாக்கட்டையைக் காணேல்லையே."

அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. மரத்தின் குரல் இருக்கும் இடத்தைத்தான் என் மைக் குடைந்து எறிந்திருந்தது. ஈக்யூவில் (சத்தத்தின் ஒவ்வொரு பகுதியையும் தனியே ஏற்றி இறக்குவது) 400 பக்கத்தைத் தூக்கிப் பார்த்தேன். மைக் தாழ்த்தி எடுத்ததைத் திரும்ப உயர்த்தினால், ஓரத்தால் நுழைந்த அறைச் சத்தமும் கூடவே ஏறியது. தவில் கிணற்றுக்குள் இருப்பது போல. அன்றைக்கு ஐயாவிடம் காசு வாங்கவில்லை.

அடுத்து ஒருவரிடம் இரவல் வாங்கியது சென்ஹைசர் எம்டி 421. 1960 இல் வந்த வடிவம், இன்னும் செய்கிறார்கள். இதை யாரும் கிக் மைக் என்று சொல்லி விற்பதில்லை. டாம் ட்ரம், கிட்டார் பெட்டி, வானொலிப் பேச்சு என்று எதற்கும் வைப்பார்கள். அடியில், வயர் சொருகும் இடத்தருகே ஒரு வளையம் இருக்கும். ஐந்து நிலை. 'M' எழுத்துப் பக்கம் திருப்பினால் அடிச்சத்தம் முழுதாக வரும், 'S' எழுத்துப் பக்கம் போகப் போக அடி குறையும். முதலாவது இசைக்கு, மற்றது பேச்சுக்கு. நான் வாங்கியபோது கடற்காற்றில் அந்த வளையம் இறுகிக்கிடந்தது. துணி சுற்றித் திருப்பவேண்டியிருந்தது.

கிக்குள் வைத்ததும் முதலில் ஏமாற்றம்தான். சப்பென்று இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது, இது எனக்காக எதையும் செய்யவில்லை, நான்தான் செய்யவேண்டும் என்று. ஒரு தம்பியை ஒரே சீராக மிதிக்கச் சொல்லிவிட்டு, ஹெட்ஃபோனோடு தரையில் குப்புறப் படுத்தேன். முன்தோலில் உள்ள ஓட்டையால் கையை விட்டு மைக்கை இரண்டு விரற்கடையாக நகர்த்தினேன். அடிக்கும் தோலிலிருந்து நாலு விரல் தூரத்தில், பீட்டர் (மிதித்தால் தோலில் அடிக்கும் பெடலின் தலை) படும் இடத்துக்கு நேரே: கட்டையால் தட்டுகிற சத்தம், மெட்டலுக்கு வேண்டியது அப்படியே இருக்கிறது. அதே தூரத்தில் ஓரத்துக்குச் சாய்த்தால் தட்டு குறைந்து தோல் பேசியது. நடுவயிற்றில் இரண்டும் சமம். ஓட்டையின் வாசலில் வைத்தால் அடி பெருகியது, ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் 'புஸ்' என்று காற்று. மைக்கை வைக்குமுன் உள்ளங்கையை அந்த இடத்தில் பிடித்துப் பாருங்கள். கையில் காற்று அடித்தால் மைக்கிலும் அடிக்கும்.

ஒரே ட்ரம்முக்குள் நாலு கிக் இருந்தது என்றால் நம்புவீர்களா? முதல் மைக்கில் எங்கே வைத்தாலும் ஒரே கிக்தான். என் கணக்கு இப்போது இதுதான்: ஒன்றுதான் வாங்கலாம் என்றால், தன் குணத்தைக் குறைவாகப் பூசுகிற மைக்கை வாங்குங்கள்.


நிலாவெளி, ஹோட்டல் பேண்ட் ட்ரம்மர்

அண்ணை சொல்வது ஸ்டூடியோவுக்குச் சரி. எங்கள் கதை வேறு. மே முதல் செப்டம்பர் வரை இங்கே சீசன், பின்னேரம் கடற்கரையில் மேடை, சவுண்ட் பார்க்கக் கிடைப்பது கால் மணித்தியாலம். குப்புறப் படுத்து இரண்டு விரற்கடை நகர்த்தினால் ஹோட்டல் மனேஜர் என்னைக் கடலுக்குள் நகர்த்திவிடுவார்.

எங்களுக்கு வாய்த்தது ஷூர் பீட்டா 52ஏ. 174 டெசிபல் வரை தாங்கும் என்று போட்டிருக்கிறார்கள், எந்தக் காலும் அதைத் தாண்டாது. ஓட்டையில் சொருகினால் வேலை முடிந்தது. ஆனால் பைலா வாசிக்கும்போது ஒரு சிக்கல். ஆறெட்டுத் தாளம், பேஸ் கிட்டாரும் கிக்கும் கைகோர்த்துப் போகவேண்டும். தட்டுச் சத்தம் முன்னால் வந்தால் ஆடுகிறவர்களின் காலுக்கு அது இடறும். மைக்கை மாற்றவில்லை, பெடலில் இருந்த பிளாஸ்டிக் பீட்டரைக் கழற்றிக் கம்பளிப் பீட்டர் போட்டேன். மைக்கை ஓட்டைக்கு வெளியே ஒரு சாண் இழுத்தேன். அவ்வளவுதான். வெள்ளைக்காரப் பாட்டுக்குத் திரும்பும்போது மறுபடி உள்ளே தள்ளிவிடுவேன், இரண்டு பாட்டுக்கு நடுவில் காலாலேயே.

இன்னொன்று. அது சூப்பர் கார்டியாய்ட், முன்பக்கத்தைத்தான் கூடுதலாகக் கேட்கிற ரகம். ஆனால் நேர் பின்பக்கமும் கொஞ்சம் கேட்கும். மொனிட்டரை (மேடையில் எங்களுக்குக் கேட்க வைக்கிற ஸ்பீக்கர்) மைக்கின் முதுகுக்கு நேரே வைத்து ஊளையிட வைத்த அனுபவம் எனக்கு இரண்டு தரம். பின்பக்கம் சற்று விலத்தி, சாய்வாக வையுங்கள்.


பாலையூற்று, தேவாலயப் பாடகர் குழு

எங்களிடம் கிக் மைக்கே கிடையாது. ஷூர் எஸ்எம்57 ஒன்று, பழையது. ட்ரம் செட் ஒருவர் அன்பளிப்பாகத் தந்தது, முன்தோலில் ஓட்டை போட சுவாமி விடவில்லை. "தந்த மனுசன் பூசைக்கு வந்து பார்க்கிறவர்" என்றார். நியாயம்தான்.

ஆகவே 57ஐ மிதிக்கிற பக்கம், பெடலுக்குப் பக்கத்தில், தோலுக்கு நாலு விரல் தூரத்தில் வைத்தோம். இந்த மைக் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே எடுக்காது, ஆனால் கிட்ட வைத்தால் அடிச்சத்தம் தானாகவே பெருகும். நத்தார் பாட்டுகளுக்கு அது போதும். மூன்று பாட்டு எடுத்து முடித்துக் கேட்டால் ஒவ்வொரு மிதிக்கும் முன்னால் ஒரு எலி. பெடலின் கிறீச்! தேவாலயத்துக்குள் வாசிக்கும்போது ஒருத்தருக்கும் கேட்டதில்லை. தையல் மெஷின் எண்ணெய் இரண்டு துளி விட்டு மூன்றையும் மறுபடி எடுத்தோம். பாடகர் குழுப் பிள்ளைகளின் முறைப்பை நான் மறக்கவில்லை.

ஒரு கேள்வி, அண்ணா. போன முறை முன்பக்கத்துக்கும் ஒரு மைக் இரவல் வாங்கி இரண்டையும் சேர்த்தோம். ஒன்று ஒன்றாகக் கேட்டால் நல்ல சத்தம், சேர்த்தால் கிக் மெலிந்து போகிறது. ஏன்?


கிண்ணியா, கல்யாண வீட்டு சவுண்ட் சர்வீஸ்

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சொல்லப் போவது சத்தத்தைப் பற்றி இல்லை, ஈரத்தைப் பற்றி. கிக்குள் தலையணை மேல் படுக்க வைக்கிற தட்டை மைக் இருக்கே, கண்டென்சர் ரகம், வேலை செய்ய 48 வோல்ட் மின்சாரம் கொடுக்க வேண்டியது. ஒரு கூட்டாளியின் மைக்கை மார்கழி மாதம் இரவல் வாங்கினேன். தட்டுச் சத்தம் அப்படியே கண்ணாடி மாதிரித் தெளிவு. இரண்டாம் நாள் அடைமழை, மூன்றாம் நாள் மைக்குக்குள் யாரோ கடலை வறுக்கிற மாதிரிச் சடசட. கண்டென்சருக்கு ஈரம் பட்டால் அப்படித்தான். வெயில் வந்து, காய்ந்து, தானாகவே சரியானது. ஆனால் அந்தக் கிழமை எனக்கு இருந்த நெஞ்சிடி கொஞ்சமில்லை.

நம்ம ஊருக்கு மின்சாரம் கேட்காத டைனமிக் மைக்தான் அண்ணன். எதுவானாலும் மழைக்காலத்தில் பிஸ்கட் தகரத்துக்குள், சப்பாத்துப் பெட்டியில் வருகிற, ஈரம் உறிஞ்சும் அந்தச் சிறு மணிப் பைகளோடு மூடி வைக்கிறேன். என் மகள் அந்தப் பைகளைச் சேர்க்கிற ஆள்.


சாம்பல்தீவு

டி112 மைக் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே? முட்டை மாதிரி இருக்குமே, ஏகேஜி. 1953 இல் வந்த டி12 இன் வழி. என்னிடம் ஒன்று இருக்கிறது. பேஸ் கிட்டார்ப் பெட்டிக்கும் அதுதான், பறைக்கும் அதுதான். குறை சொல்ல ஒன்றுமில்லை.


உவர்மலை, வீட்டு ஸ்டூடியோ

டி112ஐ நானும் வைத்துப் பார்த்திருக்கிறேன். அதற்கும் மேலே ஒரு ஏற்றம் உண்டு, ஆனால் நடுவை அவ்வளவு குடையாது. பறைக்குப் பொருந்துவது அதனால்தான். எலெக்ட்ரோ-வாய்ஸ் ஆர்ஈ20 ஐயும் சொல்ல மறந்தேன். 1968 முதல் வானொலிக்காரர்களின் மைக். கிட்ட வைத்தாலும் அடி வீங்காதபடி செய்தது, ஓட்டையில்லாத கிக்குக்கு முன்னால் வைத்தால் உருண்டையான சத்தம் தரும். பாடகர் குழுவுக்கு நான் அதைத்தான் சொல்வேன், அதே மைக்கில் சுவாமியின் பிரசங்கமும் எடுக்கலாம். விலைதான் கையைக் கடிக்கும். பாரமும் கூட, மலிவு ஸ்டாண்டில் தலை கவிழும்.

பாலையூற்றுத் தம்பி, உங்கள் கேள்வி. மிதிக்கும்போது தோல் 57ஐ விட்டு விலகிப் போகிறது, அதே நேரம் முன்தோல் மற்ற மைக்கை நோக்கி வருகிறது. ஒன்று இழுக்கும்போது மற்றது தள்ளுகிறது. கூட்டினால் அடிச்சத்தம் ஒன்றையொன்று தின்னும். மிக்ஸரிலோ கம்ப்யூட்டரிலோ ஒரு வட்டத்தில் கோடு கிழித்த பொத்தான் இருக்கும், ஒரு மைக்குக்கு மட்டும் அதை அமுக்குங்கள். கிக் தடித்து வந்தால் அதுதான் சரி. பிறகும் நடுப்பகுதி ஒரு மாதிரி இருந்தால் தூரம். காற்றில் ஒலி 35 சென்டிமீட்டர் போக ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்ட். அந்தப் பிந்தலைத் திரையில் இழுத்து நேராக்கலாம். நான் பெரும்பாலும் இழுப்பதில்லை, ஒரு மைக்கை அணைத்துவிடுவேன். இரண்டு மைக் வைத்து எடுத்த பாட்டுகளில் பாதியில் கடைசியாக ஒன்றுதான் மிஞ்சியது.

நிலாவெளித் தம்பி சொன்ன பீட்டர் விஷயத்துக்குத் தலை சாய்க்கிறேன். நான் மைக்குக்குக் கொட்டிய காசில் பத்துக் கம்பளிப் பீட்டர் வாங்கியிருக்கலாம். தலையணையும் அப்படித்தான். என் கிக்குள் இருப்பது இலவம் பஞ்சு. போன ஐப்பசியில் கிக் திடீரென்று செத்துப்போனது, ஈக்யூவோடு மூன்று நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் கையை விட்டால் தலையணை ஈரத்தில் கல்லு மாதிரி.

கேள்வி கேட்ட தம்பி கடைசியில் கொழும்பில் ஒருவரிடம் பாவித்த 421 ஒன்றைப் பிடித்துவிட்டான். வளையம் சுற்றுகிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன், சுற்றுகிறதாம். சனிக்கிழமை அதைக் கொண்டு வருகிறான். அன்று காலை அதே தவில் ஐயா, பின்னேரம் இரட்டைப் பெடல் பெடியன்கள். தலையணையை மதிலில் காயப் போட்டிருக்கிறேன். மழை இருட்டுகிறது, எடுத்துவிட்டு வருகிறேன்.