காசாபிளாங்கா: படத்தில் காணாத துறைமுகம்

கேள்வி:
'காசாபிளாங்கா' திரைப்படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தேன். நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர்கள் லிஸ்பன் விமானத்தில் ஓர் இடத்துக்காக மொராக்கோவின் அந்நகரத்தில் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும் கதை அது. மதுவிடுதி, சந்தை, விமான நிலையம் ஆகியவையே கதைக்களங்களாக அமைய, துறைமுக நகரத்தின் துறைமுகம் கதைக்குள் வருவதே இல்லை என்பது இம்முறைதான் எனக்கு உறைத்தது. போர்க்காலத்தில் அந்நகரம் உண்மையில் எவ்வாறு இருந்தது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
நீங்கள் கவனித்தது மிகச் சரி. அந்நகரத்தின் போர்க்கதை துறைமுகத்தில்தான் நடந்தது. 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தபோது, கட்டி முடிக்கப்படாத 'ழான் பார்' என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் சென்-நசேர் என்ற பிரெஞ்சுத் துறைமுகத்திலிருந்து தப்பி, அப்போது பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த காசாபிளாங்காவுக்கு வந்து சேர்ந்தது. அதில் இயங்கியது நான்கு பெரும்பீரங்கிகள் கொண்ட ஒரே ஒரு சுழல்மேடைதான். 1942 நவம்பர் 8 அன்று அமெரிக்கப் படைகள் மொராக்கோக் கரையில் சாஃபி, ஃபெடாலா, போர்-லியோத்தே ஆகிய இடங்களில் கரையிறங்கியபோது, ஜெர்மனிக்குப் பணிந்துபோன பிரான்ஸின் விஷி அரசுக்குக் கட்டுப்பட்ட பிரெஞ்சுக் கடற்படை அவர்களை எதிர்த்துப் போரிட்டது. அமெரிக்காவின் 'மாசசூசெட்ஸ்' கப்பல் சுட்ட குண்டால் ழான் பாரின் சுழல்மேடை செயலிழந்தது. அதைப் பழுதுபார்த்து 10ஆம் தேதி மறுபடியும் சுட்டார்கள். மறுநாள் போர் ஓய்ந்தது. படப்பிடிப்போ ஆகஸ்டிலேயே கலிபோர்னியாவில் முடிந்துவிட்டது. படை இறங்கிய 18ஆம் நாள், நவம்பர் 26 அன்று, நியூயார்க்கில் படத்தைத் திரையிட்டார்கள். விஷி என்று எழுதிய தண்ணீர்ப் புட்டியைக் காவல் அதிகாரி குப்பையில் போடும் அந்தக் காட்சியை, விஷிப் படையின் குண்டுகளுக்குத் தங்கள் வீரர்கள் பலியான செய்தி ஆறுவதற்குள் அமெரிக்கர்கள் பார்த்தார்கள்.

மறுமொழி 2:
அகதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்தில் எல்லோரும் தேடும் பயண அனுமதிக் கடிதங்கள் முழுக் கற்பனை. ஆனால் வெளியேறும் அனுமதி, வழியிலுள்ள நாட்டைக் கடந்து செல்வதற்கான கடப்பு விசா, கப்பல் சீட்டு ஆகிய மூன்றும் ஒன்றுசேரும்முன் ஏதோ ஒன்றின் கெடு முடிந்துபோகும் கொடுமை கற்பனையன்று. மார்செய்யிலிருந்து அமெரிக்கக் கண்டத்துக்குப் புறப்பட்ட சில கப்பல்கள் 1941இல் காசாபிளாங்காவில் நிறுத்தப்பட்டு, பயணிகள் பலர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களுக்காக ஓயாமல் அலைந்தவர் எலேன் காசஸ்-பெனதார் என்ற உள்ளூர் வழக்கறிஞர். யூதர் என்பதால் விஷிச் சட்டம் அவருடைய தொழிலையே பறித்தது. மீண்டவர்களில் பலரை ஏற்றிச் சென்றவை 'நியாசா', 'செர்பா பிண்டோ' போன்ற போர்ச்சுகீசியக் கப்பல்கள். படத்தின் மதுவிடுதியில் பிரெஞ்சுத் தேசிய கீதம் பாடும்போது கண்ணீர் மல்க நிற்கும் நடிகை மதலேன் லெபோ, 1940இல் பாரிஸிலிருந்து கணவருடன் லிஸ்பன் வழியாகத் தப்பியவர். அந்தக் கண்ணீரை நடிப்பு என்று மட்டும் கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி 3:
இருவரும் சொல்லாத ஒன்று உண்டு: அந்நகரத்தின் சொந்த மக்கள். படத்தில் மொராக்கோவினர் பின்னணியில் நடமாடுவதோடு சரி. ஆனால் 1943 ஜனவரியில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் அங்குள்ள அன்ஃபா விடுதியில் கூடியபோது, 22ஆம் தேதி இரவு விருந்துக்கு சுல்தான் ஐந்தாம் முகமது அழைக்கப்பட்டார். மறுநாளே படம் அமெரிக்கா முழுவதும் வெளியானது. ஓராண்டுக்குள், 1944 ஜனவரி 11 அன்று, விடுதலை கோரும் அறிக்கையை மொராக்கோ தேசியவாதிகள் வெளியிட்டார்கள்; விடுதலை கிடைத்தது 1956இல். திரையில் கண்ட மதுவிடுதியைத் தேடி வருவோருக்காக 2004இல் முன்னாள் அமெரிக்கத் தூதரக அதிகாரி ஒருவர் அதே பெயரில் ஒரு விடுதியைத் திறந்தார். அது நிற்பது பழைய நகரின் மதிலோரம், துறைமுகத்துக்கு அருகில்.